கிணற்றில் நஞ்சிட்டவர் யார்?

ஐரோப்பாவின் மத்திய காலத்தைப் பற்றி நமது மாணவர் எழுதும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே தடத்திலே செல்வன. திருச்சபையின் ஆதிக்கம், சிலுவைப் போர், கொள்ளைநோய், வணிக நகரங்களின் எழுச்சி என நான்கு தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம். இறுதியிலே 'இருண்ட காலம்' என்னும் சொற்றொடர். ஆண்டுகள் பிழையின்றி எழுதப்படுகின்றன, புள்ளிகளும் வழங்கப்படுகின்றன. ஆயின், அந்நான்கையும் நான்கு பெட்டிகளில் அடைத்துப் பூட்டிவிட்டு, பெட்டிகள் யாவும் கடலுக்கு அப்பாலுள்ளவை என்று நிம்மதி கொள்ளும் மனப்பான்மை ஒன்று அக்கட்டுரைகளில் இழையோடுவதை எவரும் கண்டிப்பதில்லை. இக்கட்டுரை அதனைக் கண்டிப்பதற்கென்றே எழுதப்படுகின்றது.

அம்மனப்பான்மைக்கு உள்ளூரிலே ஒரு துணையும் உண்டு. மட்டக்களப்பு வாவியின் கரைகளிலே தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல வாழ்ந்தனர் என்னும் உவமை மேடைதோறும் ஒலிக்கின்றது. உவமை பொய்யன்று. ஆனால் அது எடுத்தாளப்படும் வேளை கவனிக்கத்தக்கது. ஏதோவொரு கொடுமை நிகழ்ந்து, அக்கொடுமையைப் பெயர் சொல்லிப் பேச வேண்டிய கடப்பாடு நமக்கு நேரும்போதுதான் பிட்டுக் குழல் மேடைக்குக் கொண்டுவரப்படுகின்றது. ஐரோப்பா இருண்டிருந்தது என்பதும், நாம் இணங்கி வாழ்ந்தோம் என்பதும் சிந்திக்கும் சிரமத்தைத் தவிர்த்துக் கொள்வதற்கு நாம் கண்டுபிடித்த இரு வாக்கியங்கள்.

மதம், போர், கொள்ளைநோய், வணிகம் என்பன மத்திய கால ஐரோப்பாவிலே தனித்தனியே இயங்கியவையல்ல. ஒன்றன் கணக்கை இன்னொன்றின் பெயரால் தீர்த்துக் கொள்ளும் பழக்கமே அக்காலத்தின் உண்மையான பிணி. அப்பழக்கம் கப்பலேறி நமது வாவிக்கும் வந்தது. கொண்டு வந்தவர் போன பின்னரும் இங்கே தங்கிற்று. 2020ஆம் ஆண்டிலே நம் கண்முன்னே தொழிற்பட்டது. இதுவே யான் கூற விழைவது.

முதலில் அந்தப் பெட்டிகளைத் திறந்து பார்ப்போம். 1346இல் கருங்கடற் கரையிலுள்ள கஃபா நகரிலே, செனோவா வணிகரின் பண்டகசாலைகள் இருந்த இடத்திலே, கொள்ளைநோய் தோன்றிற்று. 1347 ஒக்டோபரில் வணிகக் கப்பல்கள் வழியே சிசிலியின் மெசினாத் துறைமுகத்தை அடைந்தது. 1351 அளவில் ஐரோப்பிய மக்களுள் மூன்றிலொரு பங்கினரோ அதற்கு மேற்பட்டோரோ மாண்டனர். நோய் சென்ற வழி வணிகம் சென்ற வழியே. இதனை அன்றே உணர்ந்த நகரங்களும் இருந்தன. அதிரியாத்திக் கடலோரத்து இரகூசா, நோயுள்ள இடங்களிலிருந்து வருவோரை 30 நாள் ஒதுக்கி வைக்கும் விதியை 1377இல் வகுத்தது. கப்பலையும் சரக்கையும் அறிந்த ஒரு வணிக நகரம் தன் அனுபவத்தால் கண்ட முறை அது. இருண்ட காலம் என்று சொல்லி முடிக்கும் நமது மாணவர் இந்த வெளிச்சத்தைக் குறிப்பிடுவதில்லை.

வேறு நகரங்கள் வேறு விடை கண்டன. யூதர்கள் கிணறுகளில் நஞ்சிட்டனர், அதனாலேயே மக்கள் மடிகின்றனர் என்னும் வதந்தி 1348இல் பரவிற்று. சவோய் நாட்டிலே சித்திரவதையின் கீழ் 'வாக்குமூலங்கள்' பெறப்பட்டன. அவற்றின் பிரதிகள் ஏனைய நகரங்களுக்கு அனுப்பப்பட்டன. அவிஞோனிலிருந்த பாப்பரசர் ஆறாம் கிளெமென்ற் அதே ஆண்டிலே ஆணையோலைகள் வெளியிட்டு, யூதரும் இந்நோயால் மடிகின்றனரே, யூதர் இல்லாத நாடுகளிலும் நோய் பரவியுள்ளதே என எடுத்துக் காட்டினார். அந்த எளிய தருக்கம் எடுபடவில்லை. ஸ்திராஸ்பூர்க் நகரிலே யூதரைப் பாதுகாக்க முயன்ற நகரசபை 1349 பெப்ருவரியிலே கவிழ்க்கப்பட்டது. சில நாட்களுள், 14ஆம் திகதி, அந்நகர யூதர்கள் எரிக்கப்பட்டனர். அப்போது கொள்ளைநோய் அந்நகரை அடைந்திருக்கவேயில்லை! யூதரிடம் பட்டிருந்த கடன்கள் இரத்துச் செய்யப்பட்டன. ஈடு வைத்த பொருள்கள் மீண்டன. அவர்களது பணம் பங்கிடப்பட்டது. கிணற்றைக் காட்டிக் கடனேட்டைக் கொளுத்தினர். நோயின் பெயரால் மதமும், மதத்தின் பெயரால் வணிகமும் கணக்குத் தீர்த்துக் கொண்டன.

போரிலும் இதுவே வழக்கு. நான்காம் சிலுவைப் போரின் வீரர் புறப்பட்டது எருசலேமை நோக்கி. கப்பற் கூலி கொடுக்க முடியாத நிலையிலே, வெனிஸ் வணிகரின் விருப்பப்படி 1202இல் சாரா என்னும் கிறித்தவ நகரைத் தாக்கினர். 1204இல் கொன்ஸ்தாந்திநோப்பிளைச் சூறையாடினர். சிலுவை ஏந்தியவரின் வாள் சிலுவை ஏந்தியவர் மீதே வீழ்ந்தது. மத்திய காலத்தின் பிற்பகுதியிலே அதே வெனிஸ், அலெக்சாந்திரியாவில் முஸ்லிம் வணிகரிடமிருந்து மிளகு வாங்கி ஐரோப்பாவுக்கு விற்றுப் பெரும்பொருள் ஈட்டியது. அம்மிளகு மலையாளக் கரையிலிருந்து செங்கடல் வழியாகச் சென்றது. ஐரோப்பிய மத்திய காலம் நமது கடலைத் தொடுவது இவ்விடத்திலேதான். இக்கண்ணியை நமது பாடத்திட்டம் பெரும்பாலும் தவறவிட்டு விடுகின்றது; ஐரோப்பிய வரலாறு ஒரு வினாத்தாள், இலங்கை வரலாறு இன்னொரு வினாத்தாள் என்றிருக்கும்போது கண்ணிகளுக்கு இடமேது?

போர்த்துக்கல் மன்னன் மனுவேல் தன் நாட்டிலிருந்து யூதரையும் முஸ்லிம்களையும் வெளியேற்றும் கட்டளையை 1496இல் பிறப்பித்தான். இரண்டாண்டுகளுக்குள் அவனது கப்பல்கள் கோழிக்கோட்டை அடைந்தன. 1505இலே அவை இலங்கைக் கரையைத் தொட்டன. வந்தவர் தேடியது மிளகும் கறுவாவும். அவர்களுக்கு முன்னரே அவற்றைக் கொள்வனவு செய்து கொண்டிருந்தவர் முஸ்லிம் வணிகர். எனவே வணிகப் போட்டியாளனே மதப் பகைவனாகவும் அமைந்தான். மதப் பகைவனை ஒழிப்பதே வணிக இலாபமாகவும் அமைந்தது. இதனினும் வசதியான ஏற்பாடு ஒரு வணிகனுக்கு வாய்க்குமா? 1626இல் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா, போர்த்துக்கேயர் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினான். 1496ஆம் ஆண்டுக் கட்டளை 130 ஆண்டுகள் கழித்து நமது தீவிலே மறுபதிப்பாயிற்று. மத்திய காலம் 1453உடன் முடிந்தது என எழுதும் மாணவர் இதனை எந்தக் காலத்துள் அடக்குவர்?

வெளியேற்றப்பட்டோருக்குக் கண்டி மன்னன் செனரத் புகலிடம் அளித்தான். அவர்களுள் 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியிலே குடியமர்த்தினான் என்று கூறுபவர் யார்? முஸ்லிம்களுக்கு எவ்வகையிலும் நண்பரல்லாத யேசு சபைப் பாதிரியார் பெர்னாவோ த குவேறோஸ். இவர்களுக்கு முன்னரும் கிழக்குக் கரையிலே முஸ்லிம்கள் வாழ்ந்தனர் என்பது ஆய்வாளர் கொள்கை. செனரத்தின் செயலை வெறும் கருணை என்று புகழவும் வேண்டியதில்லை. அவனுக்கு உழவரும் படைவீரரும் வணிகரும் தேவைப்பட்டனர். தேவை வந்தவிடத்து மதம் தடையாக நிற்கவில்லை என்பதே நாம் குறித்துக் கொள்ள வேண்டுவது.

இனி வாவியின் வாயிலுக்கு வருவோம். 1602 மே மாத இறுதியிலே ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பை அடைந்தான். அவனது நாடு ஸ்பானிய மன்னனுக்கு எதிராக 1568 தொட்டுப் போரிட்டுக் கொண்டிருந்தது. 1580இலே போர்த்துக்கலும் அம்மன்னனின் முடிக்குக் கீழ் வந்தமையால், லிஸ்பன் துறைமுகத்திலே பலசரக்கு வாங்கிய ஒல்லாந்தருக்கு அவ்வழி அடைபட்டது. சீர்திருத்தத் திருச்சபையாருக்கும் கத்தோலிக்கருக்கும் இடையிலான சண்டை, பண்டத்தைத் தேடி நமது ஆற்றுமுகம் வரை வந்தமைக்குக் காரணம் இதுவே. கண்டியிலே விமலதர்மசூரியன் அவனை மகிழ்ந்து வரவேற்றான். ஒல்லாந்தர் கோட்டை கட்டுவதாயின் தானும் தன் குடும்பத்தாரும் தோளிலே கல் சுமப்பதாகவும் சொன்னானாம். மறு ஆண்டிலே வந்த செபால்ட் த வேர்ட் என்னும் தளபதி, தான் பிடித்த கப்பல்களிலிருந்த போர்த்துக்கேயரை விடுவித்து விட்டான். அதனால் மூண்ட பிணக்கிலே அவனும் அவனது ஆட்களும் மட்டக்களப்பிலே அரசனின் ஆட்களால் கொல்லப்பட்டனர். கல் சுமக்கும் நட்புக்கும் கொலைக்கும் இடையே ஓராண்டுதான் சென்றது.

போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவிலே கோட்டை கட்டினர். பத்தாண்டுகளின் பின், 1638 மே 18ஆம் நாள், இரண்டாம் இராசசிங்கனும் ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்டும் கூடி அதனைக் கைப்பற்றினர். ஐந்து நாட்கள் கழித்து அவ்விடத்திலேயே ஓர் உடன்படிக்கை எழுதப்பட்டது. வரலாற்று மாணவர் ஒவ்வொருவரும் அதனை வரிவரியாகப் படித்தல் வேண்டும். ஒல்லாந்தரின் படைச்செலவை அரசன் கறுவா, மிளகு, தேன்மெழுகு முதலிய பண்டங்களாலே தீர்த்தல் வேண்டும். ஏனைய ஐரோப்பியருக்கு வணிக உரிமை இல்லை. உரோமன் கத்தோலிக்கக் குருமார் அரசனது நாட்டிலே தங்கியிருத்தலாகாது. போருக்குக் கூலி பண்டம். பண்டத்துக்குக் காவல் மதத்தடை! ஸ்திராஸ்பூர்க்கில் கடனேட்டையும் சிலுவையையும் ஒன்றாகக் கட்டிய அதே கயிறு இங்கேயும் காணப்படுகின்றது. இதனிடையே இன்னொரு தந்திரம்: கைப்பற்றிய கோட்டைகளிலே ஒல்லாந்தப் படை நிலைகொள்வது 'அரசன் விரும்பினால்' என்னும் நிபந்தனை, உடன்படிக்கையின் ஒரு பிரதியிலே இருந்தது, மற்றையதில் இல்லை. அச்சில சொற்களின் மேல் பல்லாண்டுப் பிணக்கு எழுந்தது.

இடையிலே ஒரு செய்தி. வென்ற ஒல்லாந்தரின் மொழியை இன்று மட்டக்களப்பிலே வீட்டிற் பேசுவார் இலர். தோற்ற போர்த்துக்கேயரின் மொழியோ கிரியோல் வடிவிலே இவ்வூர்ப் பறங்கியர் சிலரது நாவிலே இன்னும் வாழ்கின்றது. கோட்டையைப் பிடிப்பவன் ஊரைப் பிடித்துவிட்டதாக எண்ணக்கூடாது போலும்.

அவ்வாறு வந்து சேர்ந்தவரும் முன்பே இருந்தவரும் இவ்வாவிக் கரையிலே எத்தகைய வாழ்வை அமைத்தனர் என்பதைப் பிட்டு உவமை விளக்குவதில்லை. தாய்வழிக் குடிமுறை விளக்குகின்றது. மட்டக்களப்புத் தமிழரைப் போலவே முஸ்லிம்களும் தாய்வழியே குடி எண்ணினர். ஒரே குடிக்குள் மணஞ்செய்தலைத் தவிர்த்தனர். மணமகன் மனைவியின் வீட்டிலே சென்று வாழ்ந்தான். கோயிலிலே குடிகளின் சார்பில் வண்ணக்கர் இருந்தது போலப் பள்ளிவாசலிலே குடிகளின் சார்பில் மரைக்காயர் இருந்தனர். முக்குவரும் பட்டாணியரும் கூடித் திமிலரை விரட்டினர் என்னும் வாய்மொழிக் கதையும் உண்டு. பகைவரை வீழ்த்திய இடம் சத்துருக்கொண்டான், வந்து ஆறிய இடம் வந்தாறுமூலை, பகைவர் மேலே ஏறாதபடி தடுத்த இடம் ஏறாவூர் என ஊர்ப்பெயர்களுக்கு அக்கதை விளக்கம் தருகின்றது. சொற்பிறப்பியலார் இதனை ஏற்க மாட்டார். ஆயினும் ஒரு கூட்டுறவை ஊர்ப்பெயர்களிலே பொறித்து வைத்த மக்களின் மனம் இதிலே தெரிகின்றது.

அதே ஊர்ப்பெயர்களை 1990ஆம் ஆண்டு எவ்வாறு எழுதிற்று என்பதையும் சொல்லியாக வேண்டும். ஓகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுது கொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் விடுதலைப் புலிகளாற் சுட்டுக் கொல்லப்பட்டனர். சில நாட்களுள் ஏறாவூரிலும் அதுவே நிகழ்ந்தது. செப்ரெம்பர் 5ஆம் நாள் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்திலே தஞ்சமடைந்திருந்த தமிழருள் 158 பேர் படையினரால் கொண்டு செல்லப்பட்டனர், அவர்கள் திரும்பவில்லை. 9ஆம் நாள் சத்துருக்கொண்டானிலே குழந்தைகள் உட்பட 184 பேர் கொல்லப்பட்டனர். 2019 ஏப்ரில் 21, உயிர்த்த ஞாயிறன்று, சீயோன் தேவாலயத்திலே குண்டு வெடித்தது. மாண்டோருட் பலர் சிறுவர். ஒரு பட்டியலை மட்டும் ஒப்பித்து மற்றதை விழுங்குவோர் இரு பக்கத்திலும் உளர். 2019இன் பின்னர் முஸ்லிம் கடைகளிலே பொருள் வாங்காதீர் என்ற குரல் நாடெங்கும் எழுந்தபோது, அது குண்டு வைத்தவனைத் தண்டித்ததா, அடுத்த கடைக்காரனின் வியாபாரத்தைப் பெருக்கிற்றா என்று வினவியோர் சிலரே.

எஞ்சியது கொள்ளைநோய். இதிலே நம்மவரின் பழைய மரபு ஒன்றை நினைவுகூர்தல் தகும். மட்டக்களப்பின் கண்ணகியம்மன் கோயில்களிலே வைகாசிச் சடங்கு குளிர்த்தியோடு நிறைவுறும். அம்மை கண்டால் 'அம்மாள் வருத்தம்' என்பர், வாசலிலே வேப்பிலை செருகுவர், வெளியார் உட்புகார். நோய் அம்மனின் வெம்மை. அதனைக் குளிர்விக்க வேண்டும். இது மருத்துவமன்று, பெரியம்மையை ஒழித்தது அம்மைப்பால், சடங்கு ஒழிக்கவில்லை. ஆனால் இச்சடங்கு அயலவன் எவனையும் குற்றவாளியாக்கவில்லை. நோய்க்கு விளக்கம் தேடிய மதம் கொலைக்குத்தான் இட்டுச்செல்லும் என்பது விதியன்று என்பதற்கு இதுவே சான்று.

2020இலே நமது அரசு கண்ட விளக்கம் வேறு. கொவிட் நோயால் இறந்த முஸ்லிம் ஒருவரின் உடல் உறவினரின் விருப்பத்துக்கு மாறாக மார்ச் இறுதியிலே எரிக்கப்பட்டது. ஏப்ரில் 11ஆம் திகதி வர்த்தமானி அறிவித்தல் தகனத்தைக் கட்டாயமாக்கிற்று. காட்டப்பட்ட காரணம் யாது? உடலைப் புதைத்தால் நிலத்தடி நீர் மாசுறும் என்பது. கிணறு! 671 ஆண்டுகள் கழித்து அதே கிணறு. உலக சுகாதார நிறுவனம் புதைக்கவும் எரிக்கவும் தடையில்லை என அவ்வாண்டு மார்ச்சிலேயே கூறியிருந்தது. அவிஞோனின் ஓலைக்கு நேர்ந்த கதியே அதற்கும் நேர்ந்தது. டிசெம்பர் 1ஆம் திகதி உயர்நீதிமன்றம் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. அதே மாதம் பிறந்து 20 நாளேயான குழந்தையின் உடலும் எரிக்கப்பட்டது. 2021 சனவரியிலே இலங்கை மருத்துவச் சங்கம் அடக்கத்தை அனுமதிக்கலாம் என்றது. பெப்ருவரி இறுதியிலேதான் விதி தளர்ந்தது. இரணைதீவிலே புதைக்க முதலில் எண்ணினர்; அங்குள்ள மீனவர் எதிர்க்கவே, மார்ச் 5ஆம் நாள் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடியிலே முதல் உடல்கள் அடக்கஞ் செய்யப்பட்டன. நாட்டின் எந்த மூலையில் இறந்தாலும் உடல் அங்கே வரவேண்டும் என்று ஓராண்டளவு விதி இருந்தது.

சட்டம் எல்லா மதத்தவர்க்கும் பொதுவானதே, எவரையும் உயிரோடு எரிக்கவில்லையே, ஸ்திராஸ்பூர்க்கோடு ஒப்பிடுதல் மிகையன்றோ என்று விரிவுரையாளர் சிலர் கேட்கக்கூடும். எரிப்பதையே வழக்கமாகக் கொண்டவனுக்கும் அதனைப் பாவமெனக் கருதுபவனுக்கும் ஒரே கட்டளை இடுவது பொதுமையாகாது. உயிருள்ளோரை எரித்தலும் இறந்தோரை எரித்தலும் ஒன்றல்ல என்பதை யான் மறுக்கவில்லை. ஒப்பிடப்படுவது கொடுமையின் அளவன்று, அதன் வழிமுறை: சான்றில்லாத ஐயம், நீரின் பெயரால் எழும் அச்சம், அதனை ஏற்றுக் கையொப்பமிடும் சபை, தருக்கத்தைச் செவிமடுக்காமை. ஸ்திராஸ்பூர்க்கில் நோய் வருமுன்னரே தண்டனை வந்தது. இங்கே நீர் மாசுறும் என்பதற்குச் சான்று வருமுன்னரே கட்டளை வந்தது.

தமிழ் அறிவுலகம் அவ்வேளையிலே யாது செய்தது? முற்றாக மௌனமாயிருந்தது என்றால் அது அநீதி. 2021 பெப்ருவரியிலே பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை சென்ற பேரணி கட்டாயத் தகனத்தையும் கண்டித்தது. காத்தான்குடி மக்கள் அதிலே கலந்து நடந்தனர். ஆனால் அதற்கு முந்திய பத்து மாதங்களிலே, 1349ஐ விரிவுரை மண்டபங்களிலே ஆண்டுதோறும் கற்பித்து வருவோருள் எத்தனை பேர் வர்த்தமானியை எடுத்து அவ்வாண்டின் அருகே வைத்துக் காட்டினர்? கற்பித்தவனுக்கே பாடம் கண்ணிற் படவில்லையெனில், மாணவன் நான்கு பெட்டிகளைப் பூட்டுவதிலே வியப்பென்ன? 2024 யூலையிலே அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. அதனையும் நமது சஞ்சிகைகள் ஒரு மூலைச் செய்தியாகவே கொண்டன.

ஓட்டமாவடியிலே 3,600இற்கு மேற்பட்ட உடல்கள் புதைக்கப்பட்டுள்ளன. பெரும்பாலானவை முஸ்லிம்களுடையவை, இந்துக்கள், பௌத்தர், கிறித்தவர் ஆகியோருடையனவும் அவற்றுள் உள. மத்திய கால ஐரோப்பாவைப் பாடமாகக் கொண்ட மாணவர் இச்சங்கத்தின் அடுத்த களப்பயணத்தை அங்கே ஒழுங்கு செய்யலாம். போகும் வழியிலே சத்துருக்கொண்டான், ஏறாவூர், வந்தாறுமூலை ஆகிய மூன்று ஊர்களும் வரும். மூன்றிலும் இறங்கிச் செல்வதற்கு ஒரு பகற்பொழுது போதும்.